பல்லி இறுக்கிய நட்டு

செவந்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு கொத்தை எடுக்கிறது, நுனியைப் பிடிக்கிறது, ஒரே இழுப்பு. இலை முறத்துக்கு, காம்பு மடிக்கு. எதிரில் உட்கார்ந்திருந்த பாப்பா கனி, அம்மா முறத்தில் போடுவதையெல்லாம் அள்ளி வெளியே போடுகிற வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் இப்படியே வேலை பார்த்தால் கீரைக்குழம்பு நாளைக்குத்தான்.

கீரையைத் தொட்டாலே செவந்திக்கு அந்தக் கார் ஞாபகம் வந்துவிடும். அன்றைக்கும் இதே கீரைதான், இதே முறந்தான். பாதி உருவியிருந்தாள். அப்போதுதான் மெக்கானிக் சையது பாய் கொட்டகையிலிருந்து, "தங்கச்சி, ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டா" என்று கூப்பிட்டார்.

அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் தவசி. செவந்திக்கு மூத்தார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா" என்று தரகர் சொல்லிக் கூட்டிப்போனார். பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். இவரை யாரும் கேட்கவில்லை. அதனால் இவர் சொல்லவில்லை. ஆறு வருஷம் ஆகிறது, கேட்டால் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்.

நடுவில் உள்ளவன் வீரணன், செவந்தியின் புருஷன். கடைசி ராசாங்கம், கொழுந்தன். மூன்று பேரும் கெட்டிக்காரர்கள் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் சொன்ன சொல் தட்டமாட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள்.

செவந்தியின் ஒரே தங்கச்சி பவுனுக்கு நிச்சயம் வைத்தபோது, "வழியில பெட்ரோலைப் பாத்துக்கங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் பார்த்தார்கள். முள் பாதியில் இருந்ததைப் பார்த்தார்கள், கால்வாசிக்கு இறங்கியதைப் பார்த்தார்கள், ஒரு பொட்டல் காட்டில் அது அடியில் போய்ப் படுத்ததையும் கண் இமைக்காமல் பார்த்தார்கள். செவந்தி போய்ச் சேர்ந்தபோது நிச்சயம் முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பவுனு ஒரு மாதம் அக்காவிடம் பேசவில்லை.

கீரையும் கையுமாக இருந்த அன்றைக்கு, அந்தப் பவுனுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. விடிந்தால் முகூர்த்தம். கரிசலூர் மண்டபம், இருபத்திரண்டு கிலோமீட்டர். இதையும் விட்டால் அவள் முகத்தில் முழிக்க முடியாது. அம்மா வேறு சம்பந்தி வீட்டில், "எம் மூத்த மக கார்லதான் வந்து எறங்குவா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அந்தக் கார் இங்கே முன்பக்கம் ஒரு சக்கரம் இல்லாமல், ஜாக்கியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தில் விழுந்தால் கடகடவென்று சத்தம் வருகிறது என்று சையது பாயைக் கூப்பிட்டு, அவரும் தேய்ந்துபோன சாமானைக் கழற்றிப் புதுசு மாட்டியாகிவிட்டது. சக்கரத்தைப் போட்டு எல்லாவற்றையும் இறுக்குவதுதான் பாக்கி. அதற்குள் வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. அவர் மச்சினனுக்குக் காரைக்குடியில் கல்யாணம்.

"தம்பிகளா, எல்லாம் கைப்பிடியாத்தான் மாட்டிருக்கேன். இறுக்குறதை நீங்க பாத்துக்கங்க. தங்கச்சி, நான் சொல்லச் சொல்ல எழுதும்மா."

செவந்தி ஏழாவது வரை படித்தவள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கீரைப்பச்சை ஒட்டிய விரலால் எழுதினாள்.

ஜாக்கியை நம்பாதே. சக்கர நட்டு ஒன்றை இறுக்கினால் அடுத்துப் பக்கத்தில் உள்ளதை இறுக்காதே, எதிரில் உள்ளதை இறுக்கு. இந்த நீள ரெஞ்சில் எண் வைத்திருக்கிறேன், மாற்றாதே, டக்கென்று ஒரு சத்தம் வரும், வந்ததும் நிறுத்து. அடியில் உள்ள ரெண்டு போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதே. வண்டி தரையில் இறங்கி, நீங்கள் எப்போதும் ஏறுகிற எடை அதன்மேல் இருக்கும்போது இறுக்கு. அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்.

"அம்புட்டுத்தான். சின்னப்பிள்ளைகூடச் செஞ்சிரும்" என்று ஆட்டோவில் ஏறினார். போகும்போது போனை அணைத்துப் பையில் போட்டதைச் செவந்தி பார்த்தாள். அவருக்கும் இவர்களைத் தெரியும்.

தவசி தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்து மரியாதையாகப் பார்த்துவிட்டு ராசாங்கத்திடம் கொடுத்தார். "வாசிடா."

"ஜாக்கியை நம்பாதே."

மூன்று பேரும் ஜாக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஆரம்பத்துலயே அது மேல ஒரு இது இருந்துச்சுண்ணே" என்றான் வீரணன். "சத்தமே போடாம நிக்குது பாருங்க."

"ராசாங்கம், நீ இதுக்குக் காவல்" என்றார் தவசி. "கண்ணை எடுக்காத. அது எது கேட்டாலும் பதில் சொல்லாத."

ராசாங்கம் ஜாக்கிக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான். செவந்தி கொண்டுவந்து வைத்த டீயைக்கூட அதைப் பார்த்துக்கொண்டே குடித்தான். நடுவில் ஒரு வாய் டீ மிச்சம் வைத்து, ஜாக்கி பக்கம் நீட்டிப் பார்த்து, அது வாங்கவில்லை என்றதும், "அழுத்தக்காரன்ணே" என்றான்.

சக்கரத்தை மாட்டினார்கள். தவசி ஒரு நட்டை விரலால் திருகிவிட்டு நிமிர்ந்தார். "இப்ப எதிர்ல உள்ளது."

எதிரில் காளியப்பன் வீடு. வாசலில் அவருடைய டிராக்டர் நின்றது.

"அவரு கோவிச்சுக்கமாட்டாராண்ணே?" என்றான் வீரணன்.

"பாய் சொல்லிருக்காரு. நமக்கென்ன, ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவோம்."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், டிராக்டர் சக்கரத்தில் ஒரு நட்டை இறுக்கிவிட்டு வந்தார்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நாலு தடவை ரோட்டைத் தாண்டினார்கள். காளியப்பன் திகைத்துப்போய், அடுத்த வீட்டு வண்டிமேல் இவ்வளவு அக்கறையா என்று ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பினார்.

அப்புறந்தான் நீள ரெஞ்சை எடுத்தார்கள். தவசி அதை நட்டில் மாட்டி, மெல்ல, தூங்குகிற பிள்ளையைத் திருப்பிப் படுக்கவைக்கிற மாதிரி ஒரு விரல்கடை அசைத்தார்.

தகரக் கொட்டகைச் சுவரில் பல்லி ஒன்று, "ட்ச்" என்றது.

"வந்துருச்சு!" என்றார் தவசி. ரெஞ்சை உடனே எடுத்துவிட்டார்.

"பாத்தீங்களா, என்ன கணக்கா வருது" என்று வீரணன் நெஞ்சில் கைவைத்தான்.

"பாய் டக்குன்னு வரும்னாரு. இது ட்ச்சுன்னுதானே வந்துச்சு" என்றான் ராசாங்கம், ஜாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவரு மெக்கானிக்கு. அவருக்கு டக்கு. பல்லிக்கு அவ்வளவுதான்டா வாயி" என்றார் தவசி. அந்த வீட்டில் பல்லி சொல்லித்தான் விதை வாங்குவார்கள், பல்லி சொல்லித்தான் மாட்டை விற்பார்கள். நட்டுக்கு மட்டும் சொல்லாமல் விடுமா?

ஒவ்வொரு நட்டுக்கும் ரெஞ்சை வைத்துக்கொண்டு, பல்லி வாய் திறக்கும்வரை அசையாமல் காத்திருந்தார்கள். சில நட்டுக்கு உடனே சொல்லியது. ஒரு நட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பூச்சி பிடிக்கப் போயிருந்தது.

நாலும் முடிந்ததும் தவசிக்கு மனசு கேட்கவில்லை. "இந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் சொல்லு வாங்கிக் குடுத்துட்டு மத்த மூணையும் சும்மா விட்டா நல்லாவா இருக்கு?"

"ஒரே வயித்துல பொறந்ததுக மாதிரிதானேண்ணே நாலும்" என்றான் வீரணன். கண் கலங்கிவிட்டான்.

ஆகவே, பாய் தொடாமல் விட்டிருந்த மற்ற மூன்று சக்கரத்து நட்டையும் பலங்கொண்ட மட்டும் கழற்றினார்கள். கழற்றியதைப் பல்லியைக் கேட்டுக் கேட்டுப் பட்டும் படாமலும் மாட்டினார்கள். பதினாறு நட்டு. மத்தியானம் ஆகிவிட்டது.

செவந்தி சாப்பிடக் கூப்பிட வந்தவள், பாப்பாவை இறக்கிவிட்டாள். பாப்பா தவழ்ந்துபோய் ஒரு நட்டைப் பிடித்துத் திருகியது. நட்டு கையோடு வந்தது. வாயில் போட்டுக்கொண்டது.

செவந்தி பாய்ந்து போனாள். பிள்ளை வாயிலிருந்து நட்டைத் தோண்டி எடுத்தாள். அதைத் துடைத்து மாட்டிவிட்டு மற்ற நட்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாமே பால்சோறு மாதிரி இருந்தது. இந்தக் காரில்தான் விடிந்ததும் பிள்ளையோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் பவுனு. ஏறினால் எந்தப் பள்ளமோ.

அவள் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிறவள் இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து, சொல்ல வேண்டியதைப் பாப்பாவிடம் சொல்லுவாள். பாப்பா பிறப்பதற்கு முன்னால் அம்மிக்கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, பெரியப்பாகிட்டச் சொல்லு" என்றாள், சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு. "அது பல்லிச் சத்தம். ரெஞ்சுச் சத்தம் வேற. நட்டு இறுகவே இல்லைன்னு சொல்லு."

மூன்று பேரும் பாப்பாவுக்கு முன்னால் வந்து குத்தவைத்தார்கள். தவசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சொல்லு தாயி. என்னமோ சொல்லணும்னு அம்மா சொல்லுதே."

பாப்பா பெரியப்பாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"இன்னும் சொல்லலையே" என்றான் வீரணன்.

"அவசரப்படுத்தாத. பச்சப்பிள்ளை யோசிச்சுத்தான் சொல்லும்." கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பாப்பா தூங்கிப்போனது. "நாளைக்குச் சொல்லுமா இருக்கும்" என்று தவசி எழுந்து கையைக் கழுவப் போனார்.

செவந்தி புருஷனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. நட்டு கையோட வருதுங்க" என்றாள்.

"ஏத்தா, பல்லி பதினாறு தடவை சொல்லிருக்கு. நீ ஒரு தடவைதான் சொல்ற" என்றான் வீரணன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்தது. தாளில் அடுத்த வரி. காரை ஜாக்கியிலிருந்து இறக்கினார்கள். ராசாங்கம் காவலிலிருந்து விடுதலையாகி, "கடைசிவரைக்கும் ஒண்ணும் ஒத்துக்கலண்ணே" என்று காலை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நீங்கள் எப்போதும் ஏறுகிற எடை" என்று வாசித்தான்.

"யாரு யாரு ஏறுவோம்?" என்றார் தவசி.

"நீங்க, நானு, ராசாங்கம், செவந்தி, பாப்பா."

"அப்ப எல்லாரும் ஏறு."

செவந்தி குனிந்துகொண்டு, "பாப்பா, அம்மாவுக்கு அடுப்படியில வேலை இருக்குன்னு சொல்லு. அம்மா எடைக்கு அரிசி மூட்டையை வச்சுக்கச் சொல்லு" என்றாள். இதற்கு மட்டும் பாப்பாவின் பதிலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிவந்து, செவந்தி அவ்வளவு இல்லை என்று ஐந்து கிலோ அள்ளிக் கொட்டிவிட்டு, பின்சீட்டில் வைத்தார்கள்.

தவசி ஏறப்போனவர் வெடுக்கென்று காலை எடுத்துவிட்டார். "தம்பி பொண்டாட்டி எடை அங்க உக்காந்திருக்கு. நான் பக்கத்துல எப்பிடிடா உக்காருவேன்?"

"அதுவும் நெசந்தான்" என்றான் ராசாங்கம். மூட்டையை முன்சீட்டுக்கு மாற்றி, வீரணன் பக்கத்தில் வைத்தார்கள். வீரணன் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தவசியும் ராசாங்கமும் பின்னால். எடை வெளியே போய்விடக் கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்கள். நாலு கதவும் சாத்தியாயிற்று.

கொஞ்ச நேரம் எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு இறுக்குறது?" என்றான் ராசாங்கம்.

தவசி தாடையைத் தடவினார். "நீ எறங்கு."

"நான் எறங்கினா என் எடை கொறையுமேண்ணே."

"அப்ப நீ எறங்கு, வீரணா. உன் எடையை ராசாங்கம் மடியில வச்சுக்கட்டும்."

"என் எடை எங்கூடத்தானேண்ணே எறங்கும்?"

"கையை மட்டும் சன்னல் வழியா நீட்டி இறுக்குனா?"

"கையோட எடை வெளிய போயிரும்."

பெரிய சிக்கல்தான். அவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் யோசிக்கத் தொடங்கினால் சீக்கிரம் நிறுத்தமாட்டார்கள் என்பது செவந்திக்குத் தெரியும்.

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். வளையலை மேலே ஏற்றிவிட்டாள். ஒரு சாக்கைத் தரையில் விரித்து, படுத்து, முன்சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டாள். பாய் காட்டிய ரெண்டு போல்ட்டு. வண்டி நாலு காலிலும் நிற்கிறது. மேலே மூன்று ஆம்பிளை, ஒரு பாப்பா, நாற்பத்தைந்து கிலோ அரிசி. எடைக்குக் குறையில்லை. ரெஞ்சை மாட்டி இழுத்தாள். இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

டக்.

அவளுக்கே தூக்கிப்போட்டது. ரெஞ்சுக்குள் எதுவோ கைதட்டிய மாதிரி இருந்தது, கைக்கும் தெரிந்தது.

உள்ளே தவசி விரலைத் தூக்கினார். "கேட்டியா? பல்லி."

"குரலு கனத்துப்போச்சேண்ணே."

"காலையிலருந்து பேசுதுல்ல. தொண்டை கட்டிருக்கும்."

இரண்டாவது போல்ட்டு. டக். அப்புறம் சக்கரத்துக்குச் சக்கரம் குனிந்தபடியே போனாள். ஒரு நட்டு, அதே சக்கரத்தில் அதற்கு எதிர் நட்டு, பிறகு மற்றதும் அதற்கு எதிரும். டக். டக். வியர்வை கண்ணில் இறங்கியது. வீரணன் கண்ணாடி வழியாகப் பார்த்து, "செவந்தி தலை தெரியுது. எதையோ தேடுறா போல" என்றான்.

"தோட்டுத் திருகாணி விழுந்திருக்கும். நீ எண்ணிக்கையை விட்டுராத" என்றார் தவசி.

பதினெட்டு டக்கு ஆனதும் சத்தம் நின்றது. செவந்தி ரெஞ்சை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, முறத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றாமல் மூன்று பேரும் இறங்கினார்கள். தவசி சும்மா ஒரு நட்டில் கைவைத்தார். அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. அடியில் குனிந்து போல்ட்டைத் தொட்டார். பாறை.

அவர் மெதுவாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"நம்ம எடையைக் கொறைக்க முடியாம உள்ள தவிச்சோம்ல. அதைப் பாத்துட்டு, அதுவே எறங்கிவந்து இறுக்கிட்டுப் போயிருக்கு."

மூன்று பேரும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பல்லி வாலை ஆட்டியது. செவந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நம்பமாட்டார்கள். நம்பினால் அதைவிட மோசம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி இறுக்கும்போது சொல்லு வாங்க ஆள் வேண்டுமே என்று, பல்லியை நயமாகப் பேசிப் பிடித்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் விட்டார்கள். மூடியில் ஓட்டை போட்டார்கள். மூச்சுக்கு நாலு, பேச்சுக்கு ஒன்று.

மறுநாள் காலையில் எல்லாரும் ஏறினார்கள். செவந்தி பட்டுச்சேலை, பாப்பா புதுக்கவுன், தவசி மடியில் பாட்டில். கார் உறுமியது, நகரவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தது பாய். எடுக்கச் சொல்லித் தாளில் இல்லை. செவந்தி இறங்கிக் காலால் கல்லைத் தள்ளிவிட்டு ஏறினாள். "கால்ராசி" என்றான் ராசாங்கம்.

வண்டி வெண்ணெய் மாதிரிப் போனது. பள்ளத்தில் விழுந்தாலும் கடகட இல்லை. செவந்திக்குப் பெருமையில் முகம் சிவந்தது. யாரிடமும் காட்டாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரிசலூர் வந்தது. மண்டப வாசலில் வாழைமரம், மேளம். அம்மா சந்தனக்கிண்ணத்தோடு நின்று, பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாளிடம், "அந்தா வருது பாருங்க" என்று கை நீட்டினாள்.

கார் வாசலுக்கு வந்தது. வாசலைத் தாண்டிப் போனது.

"ஏங்க! ஏங்க, மண்டபம்!" என்றாள் செவந்தி.

"பாத்தேன்" என்றான் வீரணன். "இருபத்திரண்டுதான் ஆகிருக்கு. அம்பது ஓடினதும் நிறுத்துன்னு பாய் சொல்லிருக்காரு."

"இருபத்திரண்டுல நிறுத்துனா அது எப்பிடி அம்பதாகும்?" என்றார் தவசி, சாலையைப் பார்த்தபடி. "ஓட்டு."

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை நீட்டியது நீட்டியபடியே நின்றது. சின்னதாகிக்கொண்டே போனது. நிச்சயத்துக்குப் பெட்ரோல், கல்யாணத்துக்குக் கிலோமீட்டர். இனிமேல் பாப்பா சொல்லட்டும் என்று காத்திருந்தால் பவுனுக்குப் பேரன் பிறந்துவிடும். அவள் பாப்பாவின் கையைப் பிடித்தாள். காற்றில் வட்டமாகச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பாப்பா ஏதோ சொல்லுது!" என்றான் ராசாங்கம்.

தவசி எட்டிப் பார்த்தார். "நேத்து யோசிச்சது இப்ப வருது. என்ன தாயி?"

"சுத்தச் சொல்லுதுண்ணே. ஓடத்தானே சொன்னாரு, எங்க ஓடணும்னு பாய் சொல்லலையே. மண்டபத்தையே சுத்தச் சொல்லுது!"

"ஏழாப்பு படிச்சவ பெத்ததுல்ல" என்றார் தவசி. வண்டி திரும்பியது.

மண்டபத்தைச் சுற்றி நாலு தெரு. ஒரு சுற்று அரைக் கிலோமீட்டர். மிச்சம் இருபத்தெட்டு கிலோமீட்டர். ஐம்பத்தாறு சுற்று.

முதல் சுற்றில் அம்மா, "எறங்குடி!" என்றாள். மூன்றாவது சுற்றில் கூடவே ஓடிவந்து, சன்னல் வழியாக மகள் நெற்றியில் சந்தனம் வைத்தாள். நாலாவதில் குங்குமம். ஐந்தாவதில் பன்னீர், அது வீரணன் கண்ணில் பட்டது. எட்டாவது சுற்றில் மேளக்காரர்கள், இது ஏதோ ஊர்வலம், நம்மிடம் சொல்ல விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் காருக்குப் பின்னால் ஊதிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு பெரியவர், "பொண்ணு வீட்டுல ஒவ்வொரு கொலத்துக்கும் ஒவ்வொரு வழக்கம்" என்று மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னார்.

சன்னல் வழியாகச் செவந்தி தங்கச்சி கல்யாணத்தைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். ஒரு சுற்றில் மாப்பிள்ளை. ஒரு சுற்றில் புகை. ஒரு சுற்றில் பவுனு கூறைச்சேலையோடு வந்து உட்கார்ந்தாள். அடுத்த சுற்றில் பவுனு நிமிர்ந்தாள், அக்காவைப் பார்த்தாள். அதற்குள் தூண் வந்துவிட்டது.

நாற்பதாவது சுற்று. அட்சதை எல்லார் கைக்கும் வந்துவிட்டது. ஐயர் கையைத் தூக்கிவிட்டார். கார் அப்போது பின்தெருவில், சமையல்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா வரட்டும்" என்றாள் பவுனு, கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு.

மாப்பிள்ளை தாலியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். கார் வாசலுக்கு வந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" மேளக்காரர்கள் காருக்குப் பின்னாலிருந்தே அடித்தார்கள். ஒரு முடிச்சு. கார் போய்விட்டது.

"மூணையும் அக்கா பாக்கணும்" என்றாள் பவுனு.

மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது. அந்தப் பெண் குனிந்தபடியே ஒரு முழுச் சுற்றுக்குக் காத்திருந்து இரண்டாவது முடிச்சைப் போட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்றுக்குக் காத்திருந்து மூன்றாவதைப் போட்டாள். மூன்று சுற்றுக்கும் கெட்டிமேளம், மூன்று சுற்றுக்கும் அட்சதை. பாதி காரின்மேல் விழுந்தது. வீரணன் வைப்பரைப் போட்டான். செவந்தி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த ஊரில் வேறு எந்த அக்காவும் தங்கச்சி தாலியை மூன்று தடவை பார்த்திருக்கமாட்டாள்.

ஐம்பதாவது கிலோமீட்டரில் கார் மண்டப வாசலில் நின்றது. கூட்டமே கைதட்டியது. செவந்தி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். பதினைந்து அடியில் பவுனு, மாலையும் கழுத்துமாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாரும் அசையாதீங்க!" என்றார் தவசி. "சத்தம் கேக்கணும்."

சக்கரத்தில் ரெஞ்சை மாட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பாட்டிலை வைத்தார். கூட்டம் வாயை மூடியது. மேளம் நின்றது. பந்தியில் சாம்பார் ஊற்றியவர் கரண்டியைத் தூக்கிய இடத்திலேயே நிறுத்தினார். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

பல்லி தூங்கிக்கொண்டிருந்தது. ஐம்பத்தாறு சுற்று சுற்றினால் யாருக்குத்தான் தலை சுற்றாது?

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். முந்நூறு பேர் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இலையில் அப்பளம் நமுத்துப்போகிற சத்தம்கூடக் கேட்டது. பவுனு நீட்டிய கை வலித்து இறங்கியது.

செவந்தி அதைப் பார்த்தாள். தாங்க முடியாமல், தன்னை அறியாமல், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "ட்ச்" என்றாள்.

"வந்துருச்சு!" என்றார் தவசி. ரெஞ்சை எடுத்தார்.

செவந்திக்கு ஒரு நொடிதான் பிடித்தது. அடுத்த நட்டில் ரெஞ்சு பட்டதோ இல்லையோ, "ட்ச்." அடுத்தது, "ட்ச்." தவசி சக்கரத்துக்குச் சக்கரம் ஓடினார். பதினாறும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அவள் இறங்கி ஓடி, பவுனுவைக் கட்டிக்கொண்டாள். கடைசிப் பந்தியில் அக்காளும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பவுனு நிச்சயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சத்தம் யாரிடமிருந்து வந்தது என்பதை ராசாங்கம் மட்டும் பார்த்துவிட்டான். திரும்பி வரும்போது அண்ணன்மாரிடம் சொன்னான். தவசி வெகுநேரம் யோசித்தார். பிறகு பாட்டிலைத் திறந்து பல்லியை ஒரு வேப்பமரத்தில் இறக்கிவிட்டு, "வாக்கு உன் மதினிக்கு மாறிருச்சுடா" என்றார்.

இது ஆகி மூன்று மாதம். இப்போது அந்த ஊரில் செவந்தியைக் கேட்காமல் ஒரு நட்டு இறுகுவதில்லை. சைக்கிளுக்குக் கூப்பிடுகிறார்கள், பம்புசெட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். காளியப்பன் புதுக் கட்டிலுக்கு நாலு கால் மாட்டும்போதும் ஆள் அனுப்பினார். கூச்சம் ஒரு பக்கம், அடுப்பில் உலை ஒரு பக்கம். அவளும் போய் ஒரு ட்ச் சொல்லிவிட்டு வருகிறாள். கூப்பிட்டவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் யாருக்கும் தெரியாமல் உண்மையாகவே இறுக்கிவிட்டும் வருகிறாள்.

ஆனால் இன்றைக்கு முடிவு செய்துவிட்டாள். கீரை உருவி முடிப்பதற்குள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது. மூத்தார் அந்தப் பக்கம் வந்தால் பாப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

வாசலில் தடதடவென்று காலடிச் சத்தம். ராசாங்கம்.

"மதினீ! ஓடியாங்க! மெயின் ரோட்டுல டவுன் பஸ்ஸுக்கு டயரு மாத்திருக்காங்க. டிரைவரு, கண்டக்டரு, நாப்பது சனம், அம்புட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கிட்டு உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க!"

பின்னாலேயே தவசியும் வந்து, மூச்சு வாங்க, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். இதுதான் சமயம். செவந்தி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பாப்பா, பெரியப்பாகிட்டச் சொல்லு. அந்தச் சத்தம் என்கிட்ட இல்ல, பல்லிகிட்டயும் இல்ல. ரெஞ்சை நல்லா இறுக்கிப் பிடிச்சு இழுத்தா, அந்த ரெஞ்சுக்குள்ளயே..."

"பாப்பா" என்றார் தவசி பதறிப்போய், "அம்மாவைப் பேச வேண்டாம்னு சொல்லு தாயி. சத்தம் தீந்துரும்."